வேற்றுக் கிரகத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன்

தம்பிக்கு,

நீ கனடா போய்ச் சேர்ந்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. தினமும் தவறாமல் போன் பண்ணுகிறாய். சாப்பிட்டாயா என்று நான் கேட்கிறேன், சாப்டேன் நைனா என்கிறாய். குளிர் எப்படி என்று கேட்கிறேன், பழகிடும் என்கிறாய். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வருவதில்லை. கொஞ்ச நேரம் சும்மா போனைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுகிறோம். நான் பத்தாவது வரை படித்தவன். பஞ்சாயத்துத் தொட்டிக்கு மோட்டார் போட்டு, தெருத் தெருவாக வால்வு திறந்து தண்ணீர் விடுகிறவன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் தொட்டி நிரம்புகிற நேரத்தில் மோட்டார் ரூமில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன். யாருக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றினாலும் காட்டு. இதில் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

நீ ஆறாவது படிக்கும்போது உத்திரமேரூர் நூலகத்தில் உன்னைச் சேர்த்துவிட்டேன். சனிக்கிழமை ஆனால் உன்னை அங்கே விட்டுவிட்டு நான் வால்வுக்கு வாஷரும் போல்ட்டும் வாங்கப் போவேன். மற்றப் பிள்ளைகள் படக்கதை எடுத்தால் நீ ராக்கெட்டும் கிரகமும் வருகிற கதையாகத் தேடி எடுப்பாய். வீட்டுக்கு வந்து உன் அம்மாவுக்குச் சொல்லுவாய். அவள் களை எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டே உம் கொட்டுவாள். ஒரு நாள் நீ என்னிடம் கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "நைனா, ஆயிரம் வருசம் கழிச்சி நடக்கிற கதைதானே இது? அப்பகூட காலனி ஆளுங்க யாரும் ராக்கெட்ல போவ மாட்டாங்களா?" நான் என்ன சொன்னேன்? "போடா, கதையப் போயி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நீ நிஜமாகக் கேட்டாய் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்பதாவது படிக்கும்போது நீயே ஒரு கதை எழுதினாய். ஒரு விண்வெளிக் கப்பல், அதில் ஏழு பேர். ஏழு பேரும் நம் தெரு ஆட்கள். இன்ஜின் பார்ப்பது முனுசாமி மாமா, டாக்டர் எதிர்வீட்டு லூர்து மேரி. கப்பலை ஓட்டுவது கன்னியம்மா, உன் அம்மா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் நின்று நீ அதைப் படித்தாய், தெருவே கூடிக் கேட்டது. "கன்னியம்மா கப்பலைத் திருப்பினாள்" என்று நீ படித்ததும் நான்தான் முதலில் சிரித்தேன். "டேய், உங்கம்மா காஞ்சிபுரம் பஸ் ஏறினாலே ரெண்டு தபா வாந்தி எடுப்பா. அவ எங்கடா ராக்கெட் ஓட்டப் போறா?" எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மாவும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நீயும் சிரித்தாய், ஆனால் மீதிக் கதையை வேகமாகப் படித்து முடித்தாய். உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது எதையாவது எழுதிக்கொண்டு வந்து உன் முன்னால் நின்றால், தயவு செய்து சிரிக்காதே. எனக்குத் தெரிந்த புத்திமதியில் இது ஒன்றுதான் சொந்த அனுபவத்தில் வந்தது.

அந்தக் கதையை ஒரு சிறுவர் பத்திரிகைக்கு அனுப்பினாய். ஒரு மாதம் கழித்து பதில் வந்தது. கதை நன்றாக இருக்கிறது, போடுகிறோம், ஆனால் பெயர்களெல்லாம் மிகவும் கிராமத்துப் பெயர்களாக இருப்பதால் விண்வெளிக் கதை என்ற நம்பிக்கை வரவில்லை, மாற்றித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். நல்ல மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். நீ இரண்டு நாள் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு திரிந்தாய். பிறகு என்னிடம் வந்தாய். நான் யோசிக்கவே இல்லை. "பேருல இன்னாடா கீது? மாத்திக் குடுத்துடு. அச்சுல வந்தா போதும்" என்றேன். கன்னியம்மா இருந்த இடத்தில் கேப்டன் விக்ரம் வந்தான். புத்தகம் வந்தபோது கதைக்கு மேலே படமும் போட்டிருந்தார்கள், சிவப்பாக, கூர் மூக்கோடு ஒரு ஆள், கையில் தலைக்கவசம். உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்க கீறேன்?" என்று கேட்டாள். நான்தான் அந்தச் சிவப்பு ஆளைக் காட்டி, "இதான் நீ" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீறேன்" என்றாள். அன்றைக்கு அதை ஒரு வேடிக்கையாக நினைத்தேன். இப்போது அந்த வார்த்தை நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறது.

அப்புறம் நீ கல்லூரிக்குப் போனாய். இரண்டாம் வருடம் லீவில் வந்திருந்தபோதுதான் சாலவாக்கம் பக்கம் கல்குவாரிக்கு அந்த சினிமாக் கம்பெனி வந்தது. தண்ணீர் தேடி வேற்றுக் கிரகத்துக்குப் போகிற கதை என்றார்கள். குவாரிப் பள்ளம்தான் அந்தக் கிரகம். கிரகத்து ஜனங்களாக நிற்க அறுபது பேர் வேண்டும் என்று ஆள் சேர்க்கிற ஏஜெண்ட் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வால்வு திறக்கிறவனுக்கு எல்லா வீடும் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நல்லா கறுப்பா, ஒல்லியா இருக்கணும்ணே. ஊர்த்தெரு ஆளுங்க வேணாம், உங்க காலனிலயே பாருங்க" என்றார். அந்தப் பேச்சு எனக்கு உறைக்கவே இல்லை. மூன்று வேளை சாப்பாடு, கூலி, அதோடு சினிமா. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரிப் பெருமையாகக் கூப்பிட்டேன். உன் அம்மாவையும் சேர்த்துக் கொடுத்தேன்.

முதல் நாள் நீயும் வந்தாய். வேடிக்கை பார்க்க வந்தாய் என்று நினைத்தேன். நீ நேரே உதவி டைரக்டரிடம் போனாய். கப்பல் ஆட்களாக வெள்ளை உடுப்புப் போட்டுப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோரையும் வெளியூரிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். அதில் கடைசியில் நிற்க ஒரு வாய்ப்பு தர முடியுமா என்று கேட்டாய். வசனம் வேண்டாம், நின்றால் போதும் என்றாய். அந்தப் பையனுக்கும் உன் வயதுதான் இருக்கும். கோபப்படவெல்லாம் இல்லை. "பிரதர், தப்பா எடுத்துக்காதீங்க. அது ஸ்பேஸ் ஷிப். உங்க முகம் அங்க செட் ஆவாது. ஆடியன்ஸ் நம்பணும் இல்ல?" என்றான். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். தம்பி, நீ அன்று என்னைப் பார்த்த பார்வையை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. உன் பக்கம் வந்து நின்றிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் உன் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போயிருக்கலாம். நான் என்ன செய்தேன்? சார் கோபித்துக்கொண்டு மொத்தப் பேரையும் அனுப்பிவிடப் போகிறாரே என்று பயந்து, "சார்தான் சொல்றாரு இல்ல? பேஜார் பண்ணாத. போயி நம்ம ஆளுங்களோட நில்லு" என்றேன். நீ போய் நின்றாய்.

மூன்று சூரியன் இருக்கிற வானத்தை ஜனங்கள் நம்புவார்களாம். பேசுகிற இயந்திரத்தை நம்புவார்களாம். கப்பலுக்குள் உன் முகம் இருந்தால் மட்டும் நம்ப மாட்டார்களாம். இதை அன்றைக்கே அந்தப் பையனிடம் கேட்டிருக்க வேண்டும். எனக்கு இது தோன்றவே நாலு வருடம் ஆயிற்று.

எல்லோருக்கும் எண்ணெயில் குழைத்த கரியைப் பூசினார்கள். நம் நிறம் போதாது, இன்னும் வேண்டும் என்றார்கள். அதற்கும் சிரித்தோம். உன் அம்மாவை ஓடிவந்து விழச் சொன்னார்கள். ஹீரோ துப்பாக்கியை நீட்டுவார், அதில் ஒன்றும் வராது, வெளிச்சமெல்லாம் அப்புறம் கம்ப்யூட்டரில் போடுவார்கள். ஐந்து தடவை விழுந்தாள். முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்தது. நடுவில் அந்த உதவி டைரக்டரிடம் கேட்டாள். "ஏம்பா, நாங்க இன்னா பண்ணோம்னு எங்கள சுடுறாரு?"

"ஹீரோ தண்ணி எடுக்க வர்றாரும்மா. நீங்க விட மாட்டேன்றீங்க."

"நாங்க எங்க விட மாட்டேன்னோம்? கேட்டா ரெண்டு கொடம் மொண்டு குடுத்துட்டுப் போறோம். இதுக்குப் போயி சுடுவாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். கேமரா பிடிக்கிறவர்கூடச் சிரித்தார். ஓடும்போது எதையாவது கத்தச் சொன்னார்கள், என்ன வேண்டுமானாலும் கத்தலாம், எப்படியும் மாற்றிவிடுவோம் என்றார்கள். உன் அம்மாவுக்கு நடிக்கத் தெரியாது. அப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன கத்துவாளோ அதையே கத்தினாள். "எம் புள்ள எங்க? எம் புள்ளயப் பாத்தீங்களா?" ஐந்து தடவையும் அதையேதான் கத்தினாள். கரி பூசிய முகத்தோடு நீ பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தாய்.

படம் வந்ததும் நான்கு லோடு வண்டியில் காஞ்சிபுரம் போனோம். தியேட்டரில் முதலில் நம் ஆட்களே விசில் அடித்தார்கள், தங்களைத் தாங்களே கண்டுபிடித்து. பிறகு ஹீரோ சுட ஆரம்பித்தார். ஒவ்வொருவராக விழ விழ பின்னால் இருந்தவர்கள் கை தட்டினார்கள். "சாவட்டும் கரிச்சட்டிங்க" என்று ஒருவன் கத்தினான், தியேட்டரே சிரித்தது. உன் அம்மா கத்தியதை ஏதோ மிருகம் உறுமுகிற மாதிரி மாற்றியிருந்தார்கள். அவள் தன்னைத் திரையில் பார்த்தாள். அந்த உறுமலைக் கேட்டாள். "நான் இப்டியா கத்தினேன்?" என்று என்னைக் கேட்டாள்.

அது அதோடு போயிருந்தால் பரவாயில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நம் பையன்களைக் "கிரகம்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளுக்கும் அதே பெயர். முன்பு திட்ட வேண்டுமென்றால் பழைய வார்த்தை இருந்தது, அதைச் சொன்னால் போலீசில் புகார் கொடுக்கலாம். இதற்கு என்ன புகார் கொடுப்பது? ஊர்த்தெருவில் வால்வு திறக்கப் போனால், "கிரகத்துக்காரன் வந்துட்டான், தண்ணி விடுவானா இல்ல சுட்டுத்தான் எடுக்கணுமா கேளு" என்பார்கள். நான் சிரித்துக்கொண்டே திறந்துவிட்டு வருவேன். இத்தனை வருடமாக அந்தத் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற கை இது. இன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் வருகிறேன்.

படம் பார்த்துவிட்டு வந்த அன்றோடு நீ எழுதுவதை விட்டாய். நான் கேட்டபோது, "எழுத ஒண்ணும் இல்ல நைனா" என்றாய். வெள்ளைக்காரன் கதையிலும் அப்படித்தான், கப்பலில் ஒரு கறுப்பன் இருந்தால் முதலில் செத்துப்போகிறவன் அவன்தான் என்று ஒரு தடவை சொன்னாய். அந்த நாட்டுக் கறுப்பர்கள் சிலர் தாங்களே கதை எழுத ஆரம்பித்துவிட்டார்கள், அதில் அவர்கள்தான் கப்பலை ஓட்டுகிறார்கள் என்றும் சொன்னாய். அதைச் சொல்லும்போது மட்டும் உன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அப்போதாவது "நீயும் எழுதுடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலைக்கு ஒரு வழி பார் என்று சொன்னேன். நீ கிராஃபிக்ஸ் படிப்பில் சேர்ந்தாய்.

உன் அம்மாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்று தெரிந்ததிலிருந்து ஏழு மாதம்தான் இருந்தாள். உனக்கே எல்லாம் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அவள் போன பிறகு வீட்டில் தேடிப் பார்த்தேன். ரேஷன் கார்டில் ஒரு படம், பாதிக் கண் மூடி. ஆதாரில் ஒன்று, அது அவள் மாதிரியே இல்லை. யாராவது போனை எடுத்தால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாளே, அதனால் ஒரு வீடியோகூட இல்லை. அவள் நடக்கிறதை, ஓடுகிறதை, வாயைத் திறந்து பேசுகிறதைப் பார்க்க வேண்டும் என்றால் எனக்கு அந்த சினிமா ஒன்றுதான் இருக்கிறது. ஒரு நிமிடம்கூட வராது. கரி பூசிக்கொண்டு ஓடிவந்து விழுந்து சாகிறாள். அதைத்தான் போனில் வைத்துக்கொண்டு மோட்டார் ஓடும்போது பார்க்கிறேன். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். சத்தம் இல்லாவிட்டால் அவள் வாய் அசைவது தெரியும். என்ன கத்துகிறாள் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அன்றைக்குக் குவாரியில் நின்றவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அந்தக் குவாரிக்கு அவளை அனுப்பி வைத்தவன் நான். இதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கனடா வேலை கிடைத்தது என்று சொல்ல நீ வந்தபோது, அங்கே போய் என்ன வேலை என்று கேட்டேன். "வேத்து கிரகத்து ஆளுங்களுக்கு கம்ப்யூட்டர்ல தோல் போடணும் நைனா" என்றாய். "இன்னா கலர்ல போடுவ?" என்று கேட்டுவிட்டேன். நாஷ்டாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாய். குத்திக்காட்ட வேண்டும் என்று கேட்கவில்லை தம்பி, சத்தியமாக இல்லை. அங்கே உன்னை எந்தப் பக்கம் நிற்கச் சொல்வார்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் அப்படி வந்துவிட்டது. அதற்கு மன்னித்துக்கொள். கொடுக்கிற வேலையைச் செய். வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை, யோக்கியதையும் இல்லை.

நீ போன மூன்றாம் நாள் அதே ஏஜெண்ட் போன் பண்ணினார். படம் நன்றாக ஓடியதாம், இரண்டாம் பாகம் எடுக்கிறார்களாம். இந்தத் தடவை மாகறல் பக்கம் செய்யாற்று மணலில். நூறு பேர் வேண்டுமாம். நான் முடியாது என்றேன். சார் என்று கூப்பிட வேண்டிய ஒரு ஆளிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. உனக்குப் போன் பண்ணிச் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். நல்ல வேளை பண்ணவில்லை. மத்தியானத்துக்குள் வேறு யாரோ நூறு பேரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் காலனி முனையில் இரண்டு வேன் நின்றது. ஜனங்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் வேன் முன்னால் போய் நின்றேன். "ஏறாதீங்க. போன தபா இன்னா ஆச்சின்னு தெரியும் இல்ல? இன்னும் நம்மள அந்தப் பேரு சொல்லித்தானே கூப்பிட்றானுங்க?" என்றேன். லூர்து மேரியின் மருமகள் செல்வி இருக்கிறாளே, அவள்தான் இறங்கி வந்தாள். கோபமாகவெல்லாம் பேசவில்லை. "அண்ணே, உம் புள்ள கனடா போயிட்டான். நாங்க எங்க போறது சொல்லு. நூறு நாள் வேலையும் நின்னுபோச்சி. ஏறலன்னா மட்டும் நம்மள அப்டி கூப்பிட மாட்டானுங்களா?" என்றாள். நான் வழியை விட்டு விலகி நின்றேன்.

அவளோடு அவள் பெண்ணும் இருந்தது, பவித்ரா. இரண்டாவது படிக்கிறது. பள்ளிக்கூடம் போகவில்லையா என்று கேட்டேன். இந்தப் பாகத்தில் குழந்தைகளும் வேண்டுமாம். அந்தப் பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். "மாமா, நான் எப்டி சாவப் போறேன் பாக்கிறியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் நாலடி ஓடி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே சுருண்டு விழுந்தது. நாக்கைத் தள்ளிக் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. வேனில் இருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் எழுந்து பாவாடையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, என் முன்னால் வந்து, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"நல்லா பண்ற கண்ணு" என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்தால் எழுது. எனக்குத் தெரியவில்லை.

உன் நைனா